மூன்று பெட்ரூம் வீடு, மூன்று வாடகை: சென்னையில் எது நியாயம்?

"ஓஎம்ஆரில் 38 ஆயிரம் கேட்கிறார்கள், அடையாறில் 48, நங்கநல்லூரில் 32. எதை எடுக்கலாம்? முதலில் இந்த வாடகையெல்லாம் சரிதானா?"

இந்த மாதிரிக் கேள்வி என்னிடம் அடிக்கடி வருகிறது. கேட்பவர்கள் எல்லோருக்கும் அநேகமாக ஒரே நிலைமைதான். பிள்ளைகள் வளர்ந்துவிட்டார்கள், ஊரிலிருந்து அப்பா அம்மாவும் வந்துவிட்டார்கள், இரண்டு பெட்ரூமில் இனி முடியாது. சென்ற ஆண்டு என் அக்கா குடும்பத்துக்காக நானும் ஆறு வாரம் டு-லெட் போர்டுகளைப் பார்த்துக்கொண்டே அலைந்தேன். அக்கா, அத்தான், இரண்டு பிள்ளைகள், அத்தானின் அப்பா அம்மா என்று ஆறு பேர். மேலே சொன்ன மூன்றும் அப்போது கடைசிவரை எங்கள் பட்டியலில் நின்ற வீடுகள். எண்களும் அப்போது எங்களிடம் சொன்னவைதான். உங்கள் தெருவில் எண் மாறும், ஆனால் கணக்குப் போடும் முறை மாறாது.

ஓனர் சொல்லும் வாடகையை மட்டும் வைத்துக்கொண்டு அது நியாயமா இல்லையா என்று சொல்லவே முடியாது. மாதாமாதம் நம் கையை விட்டுப் போகும் மொத்தப் பணத்தை, நாம் உண்மையில் புழங்கும் இடத்தால் வகுத்துப் பாருங்கள். எங்கள் மூன்று வீடுகளின் வரிசை அங்கேயே மாறிப்போனது.

## எதை வைத்து அளப்பது

கார்பெட் ஏரியா, அதாவது வீட்டுக்குள் நாம் புழங்கும் தரை. ஓனரும் புரோக்கரும் சொல்லும் சதுர அடி பெரும்பாலும் சூப்பர் பில்டப். அதில் லிஃப்ட், படிக்கட்டு, லாபி, கிளப் ஹவுஸ் என்று எல்லாவற்றிலும் நம் பங்கு சேர்ந்திருக்கும். பெரிய டவர்களில் இந்தச் சேர்க்கை அதிகம், பழைய சின்ன அபார்ட்மென்ட்களில் குறைவு, தனி வீட்டில் ரொம்பவே குறைவு. ஒரு டேப்பை எடுத்துப் போய் அறை அறையாக அளந்துவிடுங்கள், பத்து நிமிஷ வேலை. நாங்கள் மூன்று வீட்டையும் அளந்தோம். ஒரு ஓனர் முகம் சுளித்தார், பரவாயில்லை.

மொத்த மாதச் செலவு. வாடகை, மெயின்டனன்ஸ், தண்ணி லாரி, ஜெனரேட்டர் இவை கண்ணுக்குத் தெரிபவை. அட்வான்ஸில் முடங்கும் பணத்தின் வட்டி, புரோக்கர் கமிஷன், காலி செய்யும்போது பெயின்டிங் என்று பிடிக்கும் ஒரு மாத வாடகை இவை யாரும் எழுதிப் பார்க்காதவை.

போக்குவரத்து. வேலை, பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி மூன்றுக்கும் சேர்த்து.

தண்ணீர், இரண்டு வகையிலும். 2019 கோடைப் பஞ்சத்தில் குழாயில் வந்ததா, 2015 டிசம்பர் வெள்ளத்திலும் 2023 டிசம்பர் வெள்ளத்திலும் வீட்டுக்குள் வந்ததா. சென்னையில் இந்த இரண்டையும் கேட்காமல் அட்வான்ஸ் கொடுக்கக் கூடாது.

வயசானவர்கள். லிஃப்ட் இருக்கிறதா, படி எத்தனை, பாத்ரூமில் கைப்பிடி போட ஓனர் விடுவாரா.

## ஓஎம்ஆர் டவர்: 38,000

ஓஎம்ஆர் என்கிற பழைய மகாபலிபுரம் சாலையில் நாவலூர் பக்கம், பதினாலாவது மாடி, 1,650 சதுர அடி என்றார்கள். அளந்தால் 1,150. நீச்சல் குளம், ஜிம், பிள்ளைகள் விளையாட இடம், வாசலில் செக்யூரிட்டி, 24 மணி நேரப் பவர் பேக்கப். பிள்ளைகள் இரண்டும் அங்கேயே இருந்துவிடலாம் என்றன. பாட்டிக்கும் பிடித்தது, லிஃப்டிலிருந்து இறங்கினால் நடக்கப் பாதை, உட்கார பெஞ்ச், பேச ஆள்.

மெயின்டனன்ஸ் சதுர அடிக்கு மூன்றரை ரூபாய். இங்கே ஒரு விஷயத்தைக் கவனியுங்கள், இந்த மூன்றரையைப் பெருக்குவது 1,150-ஆல் அல்ல, 1,650-ஆல். ஆக 5,775. இதே விகிதத்தில் 2,200 சதுர அடி வீடு என்றால் 7,700 வரும். மெயின்டனன்ஸ் மாதம் 7,500-ஐத் தாண்டி, அசோசியேஷனின் ஆண்டு வரவும் 20 லட்சத்தைத் தாண்டினால் ஜிஎஸ்டி 18 சதவீதம் சேரும். பெரிய வீட்டை எடுக்கிறவர்கள் இதை முன்னாலேயே கேட்டுவிடுங்கள். கோடையில் லாரித் தண்ணிக்கு வீட்டுக்கு வீடு பிரித்துத் தனி பில் வருவதும் உண்டு. பேக்கப் கரண்டுக்குத் தனி மீட்டர், யூனிட் விலையும் ஈபி விலையை விட அதிகம்.

எங்களுக்கு உறுத்தியது தூரம்தான். அத்தானுக்குக் கிண்டியில் ஆபீஸ், ஒரு வழிக்கே சுமார் இருபது கிலோமீட்டர். மாதவரத்திலிருந்து சிறுசேரி சிப்காட் வரை வரும் மெட்ரோ பாதை ஓஎம்ஆர் வழியாகத்தான் போகிறது, அது ஓடத் தொடங்கினால் கதை மாறும். நாங்கள் பார்த்தபோது வேலைதான் நடந்துகொண்டிருந்தது. நாளைக்கு வரப்போகும் மெட்ரோவுக்கு இன்றைக்கே வாடகை கொடுக்க வேண்டியதில்லை என்பது என் கருத்து. "மெட்ரோ வந்தா இந்த ஏரியா எங்கேயோ போயிடும்" என்று புரோக்கர் சொன்னால், அது வீடு வாங்குகிறவருக்குச் சொல்ல வேண்டியது.

கணவன் மனைவி இரண்டு பேருக்கும் சோழிங்கநல்லூர், சிறுசேரி பக்கம் வேலை என்றால் இந்த வீட்டைக் கண்ணை மூடிக்கொண்டு எடுக்கலாம். ஒருவருக்கு மட்டும் அங்கே வேலை, மற்றவருக்கு நகரத்துக்குள் என்றால் யோசியுங்கள்.

## அடையாறு பழைய அபார்ட்மென்ட்: 48,000

நாலு மாடி, மொத்தம் பன்னிரண்டு வீடு, கட்டி இருபத்தைந்து வருஷம். சின்ன லிஃப்ட் ஒன்று, இரண்டு பேர் நின்றால் நிறைந்துவிடும். 1,350 சதுர அடி என்றார்கள், அளந்தால் 1,100. டவர் வீட்டுக்கும் இதற்கும் காகிதத்தில் 300 சதுர அடி வித்தியாசம், தரையில் வெறும் 50. இதை அளந்த அன்றைக்குத்தான் அக்காவுக்கும் எனக்கும் விஷயம் புரிந்தது.

மெயின்டனன்ஸ் 2,500. போர்வெல், கார்ப்பரேஷன் தண்ணி இரண்டும் இருக்கிறது, லாரி எப்போதாவதுதான். ஆஸ்பத்திரி, மருந்துக்கடை, காய்கறிக் கடை எல்லாம் நடக்கிற தூரம். தாத்தாவை மாதம் இரண்டு தடவை செக்கப்புக்குக் கூட்டிப் போக வேண்டியிருந்ததால் இது எங்களுக்குப் பெரிய விஷயம்.

இங்கே மறைந்திருக்கும் செலவுகள் வேறு மாதிரி. அட்வான்ஸ் பத்து மாதம், 4,80,000. அப்புறம், இந்தப் பக்கத்து வீடுகளில் பல ஓனர்கள் வெளிநாட்டில் இருப்பவர்கள். ஓனர் என்ஆர்ஐ என்றால், வாடகை எவ்வளவு குறைவாக இருந்தாலும் குடியிருப்பவர்தான் 30 சதவீதமும் அதன்மேல் செஸ்ஸும் டிடிஎஸ், அதாவது ஓனரின் வருமான வரியை வாடகையிலேயே பிடித்து, அரசுக்குக் கட்ட வேண்டும், அதற்கு வரி பிடிப்பவருக்கான டான் எண்ணும் வாங்க வேண்டும். ஓனர் இந்தியாவிலேயே இருந்தால் வாடகை மாதம் 50,000-ஐத் தாண்டும்போதுதான் டிடிஎஸ் வரும், அதுவும் 2024 அக்டோபரிலிருந்து 2 சதவீதம்தான். பிடிக்காமல் விட்டால் வருமான வரித்துறை கேட்பது நம்மைத்தான், ஓனரை அல்ல. ஆகவே வீடு யார் பெயரில் இருக்கிறது, வாடகை யார் கணக்குக்குப் போகிறது என்று முதல் நாளே கேளுங்கள். எங்கள் வீடு ஓனரின் அம்மா பெயரில், அவர் மயிலாப்பூரிலேயே இருந்தார், அதனால் தப்பித்தோம்.

இன்னொன்று, இடித்துக் கட்டுவது. அடையாறு, தி.நகர், மயிலாப்பூர் பக்கமெல்லாம் பழைய அபார்ட்மென்ட்களை பில்டரிடம் கொடுத்துப் புதிதாகக் கட்டுகிறார்கள். 2022-இல் வந்த தமிழ்நாடு அடுக்குமாடி உரிமைச் சட்டப்படி மூன்றில் இரண்டு பங்கு ஓனர்கள் சம்மதித்தால் போதும். ஓனரிடம் கேட்டால் "அதெல்லாம் ஒண்ணும் இல்லை" என்பார். வாட்ச்மேனையும் இரண்டாவது மாடிக்காரரையும் கேளுங்கள். பேச்சு நடக்கிறது என்று தெரிந்தால், ஒரு வருஷத்தில் பெட்டி கட்ட வேண்டியிருக்கும் என்று வைத்தே வாடகை பேசுங்கள்.

## நங்கநல்லூர் தனி வீட்டு மாடி: 32,000

கீழே ஓனர், மேலே நாம். 1,300 சதுர அடி என்றார்கள், அளந்தால் 1,130. மூன்றிலும் சொன்ன கணக்குக்கும் இருந்த இடத்துக்கும் நெருக்கம் இங்கேதான். மெயின்டனன்ஸ் கிடையாது, மொட்டை மாடி நமக்கு, துணி காயப்போடவும் வடகம் போடவும் இடம். நங்கநல்லூர் ரோடு மெட்ரோவும் பழவந்தாங்கல் ஸ்டேஷனும் பக்கம், கிண்டிக்கு ஐந்தாறு கிலோமீட்டர்தான்.

தனி வீட்டில் முதலில் கேட்க வேண்டியது, மேல் மாடிக்குத் தனி ஈபி கனெக்‌ஷன் இருக்கிறதா என்பது. நாங்கள் பார்த்தபோது வீட்டு மின் இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம், அதன்மேல் ஸ்லாப் ஸ்லாப்பாக ஏறும். ஒரே கனெக்‌ஷனில் உள்மீட்டர் வைத்து யூனிட்டுக்குப் பத்து ரூபாய் என்று வாங்கினால், இரண்டு மாதத்துக்கு 400 யூனிட் ஓடும் வீட்டில் 4,000 கட்டுவோம். சொந்த கனெக்‌ஷன் இருந்தால் அதே பில் அப்போதைய கட்டணத்தில் சுமார் 1,200-க்குள் முடியும். வித்தியாசம் மாதம் 1,400. இது வாடகையில் மறைத்து வைத்த வாடகை. நாங்கள் பார்த்த வீட்டில் தனி கனெக்‌ஷன் இருந்தது.

மேல் தளம் என்பதால் கோடையில் மொட்டை மாடிச் சூடு முழுக்க இறங்கும், ஏசி கூடுதலாக ஓடும். மோட்டார் ரிப்பேர், பைப் அடைப்பு எல்லாம் யார் செலவு என்பதில் தகராறு வரும், எழுதிக்கொள்வது நல்லது. ஓனர் கீழேயே இருப்பதால் எல்லாம் சீக்கிரம் சரியாகும், ராத்திரி பதினொன்றுக்கு விருந்தாளி வந்தால் கேள்வியும் வரும். அசைவம் சமைக்கலாமா என்பதையும் வெட்கப்படாமல் முதலிலேயே கேளுங்கள், குடிபோன பிறகு தெரிந்தால் இரண்டு பக்கமும் கஷ்டம்.

எங்களுக்குத் தடையாக இருந்தது பதினெட்டுப் படி. பாட்டிக்கு முழங்கால் வலி. அதே பகுதியில் கீழ்த்தளம் ஒன்றும் பார்த்தோம், சுவரில் முழங்கால் உயரத்துக்குக் கோடு மாதிரி ஈரக்கறை, மேலே புதுப் பெயின்ட். பக்கத்து இஸ்திரிக்காரரைக் கேட்டதும் அவர் கையால் உயரத்தைக் காட்டினார். வந்துவிட்டோம்.

## மூன்றையும் பக்கத்தில் வைத்தால்

இரண்டு வருஷம் இருப்போம் என்று வைத்துக்கொண்டேன். அட்வான்ஸுக்கு வங்கி டெபாசிட் வட்டி 7 சதவீதம். புரோக்கருக்கு ஒரு மாதம், பெயின்டிங்குக்கு ஒரு மாதம் என்று இரண்டு மாத வாடகையை 24-ஆல் வகுத்திருக்கிறேன். தண்ணி, பேக்கப், சில்லறை வேலை எல்லாம் அங்கே குடியிருப்பவர்களைக் கேட்டுப் போட்ட உத்தேசம்.

| மாதத்துக்கு (ரூபாய்) | ஓஎம்ஆர் டவர் | அடையாறு | நங்கநல்லூர் |
|---|---|---|---|
| வாடகை | 38,000 | 48,000 | 32,000 |
| மெயின்டனன்ஸ் | 5,775 | 2,500 | 0 |
| லாரித் தண்ணி (சராசரி) | 1,200 | 400 | 800 |
| பேக்கப், சில்லறை ரிப்பேர் | 600 | 0 | 600 |
| அட்வான்ஸ் (ஒரே தடவை, மொத்தத்தில் சேர்க்கவில்லை) | 1,50,000 | 4,80,000 | 2,00,000 |
| அதன் வட்டி இழப்பு | 875 | 2,800 | 1,167 |
| புரோக்கர் + பெயின்டிங் | 3,167 | 4,000 | 2,667 |
| மொத்தம் | 49,617 | 57,700 | 37,234 |
| சொன்ன சதுர அடிக்கு வாடகை | 23.0 | 35.6 | 24.6 |
| கார்பெட் சதுர அடிக்கு மொத்தம் | 43.1 | 52.5 | 33.0 |

கடைசி இரண்டு வரியைப் பாருங்கள். சொன்ன கணக்கில் டவர்தான் மலிவு, நங்கநல்லூரை விடவும் குறைவு. உண்மைக் கணக்கில் நங்கநல்லூரை விடச் சதுர அடிக்குப் பத்து ரூபாய் அதிகம். அடையாறு டவரை விட ஒன்றரை மடங்கு என்று தோன்றியது, பார்த்தால் ஐந்தில் ஒரு பங்குதான் அதிகம்.

இதில் பயணத்தைச் சேர்க்கவில்லை. கிண்டிக்குக் காரில் போகிறவருக்கு, கிலோமீட்டருக்குப் பத்து ரூபாய், மாதம் 22 நாள் என்று போட்டால், நாவலூரிலிருந்து நாளொன்றுக்கு 40 கிலோமீட்டர், மாதம் 8,800. அடையாறிலிருந்து 12 கிலோமீட்டர், 2,640. வித்தியாசம் 6,160. டவருக்கும் அடையாறுக்கும் மொத்தத்தில் இருந்த இடைவெளியே 8,083-தான், அதில் முக்கால்வாசி பெட்ரோலிலேயே கரைகிறது. தினம் ரோட்டில் போகும் நேரத்துக்கு நான் விலை போடவில்லை, உங்கள் விலையை நீங்கள் போட்டுக்கொள்ளுங்கள்.

## கேட்கும் வாடகை சரியா என்று எப்படித் தெரிந்துகொள்வது

"நியாய வாடகை" என்பது ஒரு காலத்தில் தமிழ்நாட்டில் சட்டச் சொல். 1960-ஆம் ஆண்டு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தில், நிலத்தின் சந்தை மதிப்பும் கட்டடத்தின் மதிப்பும் சேர்ந்த தொகையில் குடியிருப்புக்கு ஆண்டுக்கு 9 சதவீதம் என்று கணக்கு இருந்தது. இன்றைய விலையில் அதைப் போட்டுப் பார்த்தால், 1.9 கோடி மதிப்புள்ள வீட்டுக்கு மாதம் 1,42,500 வரும், யாரும் கொடுக்க முடியாது. அந்தச் சட்டம் போய், 2017-இல் இயற்றி 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த புதிய சட்டத்தில் வாடகை என்பது இரு தரப்பும் ஒப்புக்கொள்வதுதான். முதல் வாடகையை உங்களுக்காக யாரும் நிர்ணயித்துத் தர மாட்டார்கள்.

அடையாறு வீட்டு ஓனர் தரப்பில் "ரெண்டு கோடி வீடு சார்" என்றார்கள். சரி, 1.9 கோடிக்கு 48,000 என்பது ஆண்டுக்கு 3 சதவீதம். டவர் வீடு 1.1 கோடி, அதற்கு 38,000 என்பது 4 சதவீதத்துக்கு மேல். வீட்டின் விலை ஏறுவது நிலத்தால், வாடகையை முடிவு செய்வது அங்கே குடியிருக்க வருகிறவர்களின் சம்பளம். அதனால் வீட்டு விலையைக் காட்டி வாடகை கேட்டால் அதை ஒரு வாதமாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

நம்பத்தக்க அளவுகோல் ஒன்றுதான்: அதே கட்டடத்தில், அல்லது அதே தெருவில், கடந்த ஒரு வருஷத்துக்குள் குடிவந்தவர்கள் உண்மையில் கொடுக்கும் வாடகை. விளம்பரத்தில் இருப்பது ஓனரின் ஆசை. ஐந்து வருஷமாக இருப்பவர் கொடுப்பது பழைய விலை, அதைக் காட்டிப் பேசினால் ஓனர் காதில் ஏறாது. வாட்ச்மேன், வீட்டு வேலைக்கு வரும் அக்கா, மளிகைக்கடைக்காரர் மூன்று பேரைக் கேட்டால் விஷயம் வந்துவிடும். டவரில் நாங்கள் கேட்டபோது அதே மாதிரி வீட்டுக்கு இரண்டு பேர் 35,000 கொடுத்துக்கொண்டிருந்தார்கள்.

## லீஸுக்கு விடுகிறேன் என்றால்

நாலாவதாக ஒன்று வந்தது, 15 லட்சம் கொடுத்தால் மூன்று வருஷத்துக்கு வாடகையே இல்லை. 7 சதவீதத்தில் அந்தப் பணத்தின் வட்டி மாதம் 8,750. மூன்று பெட்ரூம் வீடு 8,750-க்கு! இவ்வளவு மலிவாக ஒருவர் கொடுக்கிறார் என்றால் அவருக்குப் பணம் அவசரமாக வேண்டியிருக்கிறது என்று அர்த்தம், அந்த அவசரம் நம் 15 லட்சத்தைத் திருப்பித் தரும்போதும் இருக்கும். வில்லங்கச் சான்று எடுத்துப் பார்த்தோம், வீட்டின்மேல் வங்கிக் கடன் இருந்தது. அத்தோடு விட்டோம். மிக நெருங்கிய சொந்தம், கடனில்லாத வீடு, பதிவு செய்த பத்திரம் மூன்றும் சேர்ந்திருந்தால் மட்டும் நான் லீஸுக்குச் சம்மதிப்பேன்.

## அக்ரிமென்டில்

பதினோரு மாத அக்ரிமென்ட் என்றால் பதிவு வேண்டாம் என்பது பழைய பழக்கம். புதிய சட்டப்படி எத்தனை மாதமானாலும் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை அதிகாரியிடம் பதிவு செய்ய வேண்டும். அட்வான்ஸ் மூன்று மாத வாடகைக்கு மேல் வாங்கக் கூடாது என்றும் சட்டம் சொல்கிறது, ஆனால் ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதிக்கொண்டால் அது செல்லும், அதனால்தான் பத்து மாதம் இன்னும் ஓடுகிறது. காலி செய்த ஒரு மாதத்துக்குள் பாக்கி போக அட்வான்ஸைத் திருப்பித் தர வேண்டும் என்பதும் அதே சட்டத்தில் இருக்கிறது.

எல்லோரும் முதல் வருஷ வாடகைக்குச் சண்டை போட்டுவிட்டு, ஏற்றத்தை விட்டுவிடுகிறார்கள். 38,000 ஆண்டுக்கு 10 சதவீதம் ஏறினால் மூன்றாம் வருஷம் 45,980, 5 சதவீதம் என்றால் 41,895. மாதம் நாலாயிரம் வித்தியாசம், ஒரே ஒரு எண்ணை மாற்றி எழுதுவதில்.

பேரம் பேசும்போது வாடகையை விட அட்வான்ஸில் ஓனர்கள் சீக்கிரம் இறங்குவதைப் பார்த்தேன். அடையாறு வீடு இரண்டு மாதமாகக் காலியாக இருந்தது. அந்த இரண்டு மாதத்திலேயே ஓனருக்கு 96,000 போயிருக்கிறது, இரண்டு வருஷத்துக்குப் பிரித்தால் மாதம் 4,000. இதை அப்படியே மரியாதையாகச் சொன்னோம். வாடகை 45,000-க்கும் அட்வான்ஸ் 3 லட்சத்துக்கும் வந்தது. மறுபடி கணக்குப் போட்டால் மொத்தம் 53,400. டவரைவிட 3,783 அதிகம், அத்தானின் பெட்ரோலில் 6,160 மிச்சம். நங்கநல்லூர் அப்போதும் 16,000 குறைவுதான், படி ஏற முடிகிற குடும்பமாக இருந்தால் அதைத்தான் எடுத்திருப்போம். அக்கா அடையாறுக்கே போனாள். சாவி வாங்கிய அன்று சுவர், தரை, குழாய் எல்லாவற்றையும் வீடியோ எடுத்து ஓனருக்கே அனுப்பி வைத்தோம், காலி செய்யும்போது எது ஏற்கெனவே இருந்த விரிசல், எது நாங்கள் போட்டது என்று பேச்சு வராமல் இருக்க.